பதினேழு என்று நாங்கள் அழைத்தவர்

எங்கள் விடுதி நண்பர் வட்டத்தின் செய்திமடலை இருபத்தாறு வருடங்களாக நான்தான் தொகுத்து வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒன்று, நான்கு பக்கம். என் இரண்டு கண்களுக்கும் நடந்த சத்திரசிகிச்சைகளால் இரண்டு தடவை தவறியது. ஆக, இதுவரை நூற்றிரண்டு மடல்கள். இலங்கையில் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே ஆண்கள் விடுதியில் இருந்து படித்து, பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். ஒரு காலத்தில் நாற்பத்தொரு பேர். அப்போது மடலில் கலியாணச் செய்தி வரும், வேலை உயர்வு வரும், யார் எங்கே வீடு வாங்கினார் என்று வரும். பிறகு பிள்ளைகளின் பட்டமளிப்புகள் வந்தன. சென்ற மடல் வரைக்கும் மிஞ்சியிருந்த இருபத்திரண்டு பேருக்குள் பதின்மூன்று செயற்கை முழங்கால்கள் இருக்கின்றன. அதையும் நான் எண்ணி எழுதினேன். சிலர் சிரித்தார்கள், இரண்டு பேர் கோபித்தார்கள்.

இப்போது இருபத்தொரு பேர்.

செய்தி வாட்ஸ்அப் குழுவில் காலை ஒன்பது மணியளவில் வந்தது. "பதினேழு மோசம் போட்டான். ஹவுன்ஸ்லோவில, மகள் வீட்டில." எங்கள் பக்கத்தில் இறந்ததை அப்படித்தான் சொல்வோம். கால் மணித்தியாலத்துக்குள் கைகூப்பிய படங்கள் பதினொன்று வந்தன. அதற்குப் பிறகு, எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எழுதினார்: "மலர்வளையத்தில போட வேணும். அவன்ர சரியான பேர் என்ன?"

ஒருவரும் பதில் எழுதவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள், ஏனென்றால் பெயர்ப் பட்டியல் என்னிடம்தான் இருக்கிறது. நான் போய்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முகவரி இருந்தது. இரண்டு தொலைபேசி இலக்கங்கள் இருந்தன. ஒவ்வாமை பற்றிக்கூட ஒரு குறிப்பு இருந்தது, கச்சான், அதாவது நிலக்கடலை, சாப்பிடமாட்டார் என்று. பெயருக்கான கட்டத்தில் 'பதினேழு' என்று என் கையாலேயே அடித்திருந்தேன்.

மத்தியானம் குடும்பத்தார் அனுப்பிய மரண அறிவித்தலில்தான் அவருடைய பெயரை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். ஐந்தெழுத்துப் பெயர். முதல் எழுத்து வல்லினம். அந்த எழுத்தைப் பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து போய்க் குசினியில் தண்ணீர் குடித்தேன்.

இங்கே அவரை 'அவர்' என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை 'அவன்' என்றுதான் சொன்னேன், எனக்கு ஒரு வருடம் பின்னால் படித்தவர் என்பதால்.

ஒன்பதாம் நாள் மூத்த மகள் தொலைபேசி எடுத்தார். லண்டனில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"அங்கிள், டிஸ்டர்ப் பண்ணுறனோ?"

"இல்லைப் பிள்ளை, சொல்லுங்கோ."

"அப்பாவின்ர முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறம். உங்கட குரூப் சார்பில ஒரு பேஜ் வேணும். நீங்கள்தான் எழுத வேணுமெண்டு அம்மா சொன்னவ."

கல்வெட்டு என்றால் எங்களிடம் கல்லில் வெட்டுவதல்ல. முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். தேவாரம், குடும்ப விபரம், நண்பர்களின் இரங்கல் எல்லாம் அதில் இருக்கும்.

"எழுதித் தாறன் பிள்ளை."

"இன்னொண்டு, அங்கிள். அண்டைக்குப் பதினேழு விளக்குக் கொளுத்தப் போறம். அட்டையிலயும் பதினேழு போடுறம். அது அப்பாவின்ர லக்கி நம்பர் எல்லே? நாங்கள் இந்த வீடு வாங்கேக்க, டோர் நம்பர் செவன்டீன் எண்டுதான் வாங்கினனாங்கள். தம்பியின்ர கார் நம்பர் பிளேட்டிலயும் அதுதான். நீங்கள் அந்த ரூம் நம்பர் செவன்டீன் கதையை வடிவா எழுதுங்கோ. அந்த ரூமில என்னென்ன பகிடியெல்லாம் விட்டனீங்கள் எண்டு. ஓமோ?"

"ஓம்," என்றேன்.

அந்த ஒரு 'ஓம்' சொன்னதற்கு எனக்கு இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது. விடுதியில் அவருடைய அறை நாற்பத்து நான்கு. பதினேழாம் அறையில் இருந்தவர் வேறொருவர், கனடாவில் இருக்கிறார்.

நடந்தது இதுதான். நான் இரண்டாம் வருடம். அவருடைய வகுப்பார் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மண்டபத்தில், நீள வாங்குகளில் நாங்கள் இருந்துகொண்டு, புதியவர்களை ஒவ்வொருவராக மேசையில் ஏற்றிப் பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னோம். அதை நாங்கள் பகிடி என்றுதான் சொன்னோம். பிற்காலத்தில் பத்திரிகைகள் அந்தச் சொல்லோடு இன்னொரு சொல்லை ஒட்டிப் பகிடிவதை என்று எழுதத் தொடங்கின. அதை வாசித்தபோதெல்லாம் வேறு யாரையோ பற்றி எழுதுகிறார்கள் என்றே நினைத்தேன். நாங்கள் யாரையும் அடித்ததில்லை.

ஆறாவதாக ஏறியவர் அவர். மெலிந்த உடம்பு, தோய்த்துக் காய்ந்த வெள்ளைச் சேட்டு.

"பேரைச் சொல்லடா."

அவர் வாயைத் திறந்தார். முதல் எழுத்து வந்தது. அடுத்த எழுத்து வரவில்லை. திரும்பவும் முதல் எழுத்து.

"வடிவாச் சொல்லு, பின் வாங்கில இருக்கிறவைக்குக் கேக்கேல்லையாம்!"

"கொன்னையோடா, திக்குதோ?"

எனக்கு முன்னால் ஒரு கோப்பையும் கரண்டியும் இருந்தன. அந்த வயதிலும் எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க ஏலாது. படிகளை எண்ணுவேன், விரிவுரையாளர் 'ஆகவே' என்று சொல்வதை எண்ணுவேன். ஒவ்வொரு தடவை அவர் அந்த எழுத்தில் முட்டும்போதும் கரண்டியால் கோப்பையில் தட்டி, உரக்க எண்ணினேன். ஒண்டு. ரெண்டு. மூண்டு. ஐந்துக்குப் பிறகு மற்றவர்களும் கரண்டி எடுத்தார்கள். மண்டபம் முழுவதும் சேர்ந்து எண்ணியது. அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தார். பதினேழாவது தட்டலோடு நான் எழும்பிக் கையைக் காட்டினேன்.

"காணும். உனக்கு நாங்களே பேர் வைச்சாச்சு. பதினேழு. இறங்கு."

அவர் இறங்கினார். பெயரைச் சொல்லி முடிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

லண்டனுக்கு எனக்குப் பிறகு ஆறு வருடம் கழித்து வந்தார். விமான நிலையச் சரக்குப் பகுதியில் வேலை, பிறகு அங்கேயே மேற்பார்வையாளர். எங்கள் வருடாந்த ஒன்றுகூடல் டூட்டிங்கில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி மண்டபத்தில் நடக்கும். நாங்கள் இருக்கும் கதிரைகளை அடுக்க எல்லோருக்கும் முதல் வருகிறவர் அவர்தான். வந்து நின்றால் ஏழெட்டுப் பேர் ஒன்றாகக் கத்துவார்கள், "பதினேழு!" என்று. சிரித்துக்கொண்டு கையைக் காட்டுவார்.

இதை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. கீழே சமையற்காரருக்கு எத்தனை பேர் சாப்பாடு என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். எல்லோரும் இருந்தபடியே வரிசையாக எண்ணைச் சொல்லிக்கொண்டு போவார்கள். கடைசி எண்ணை நான் குறித்துக்கொள்வேன். பதினாறு வந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அவர் எந்த மூலையில் இருந்தாலும் சரி, அடுத்த எண்ணை அவர்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் வல்லினத்தில்தான் தொடங்குகிறது. நாங்கள் காத்திருப்போம். பெண்சாதிமாரும் காத்திருப்பார்கள், பிள்ளைகளும் காத்திருப்பார்கள். கடைசியில் சொல்லி முடித்ததும் கைதட்டல். பிற்காலத்தில் அவர் சொல்வதை விட்டுவிட்டார். எழுந்து நின்று முதலில் பத்து விரலையும் பிறகு ஏழு விரலையும் விரித்துக் காட்டுவார். நல்ல பகிடிக்காரனாக வந்துவிட்டான் என்று நான் மடலில் எழுதினேன்.

அந்த அறைக் கதையும் நான் எழுதியதுதான். ஒன்பதாவது மடலில் 'பட்டப்பெயர்களின் வரலாறு' என்று இரண்டு பக்கம் எழுதினேன். பதினான்கு பெயர்கள். மடலைப் பெண்சாதி பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பதால், ஐந்து பெயர்களுக்கு உண்மையான காரணத்தை எழுதக் கூடியதாக இருக்கவில்லை. அவருடையது அந்த ஐந்தில் ஒன்று. 'பதினேழாம் இலக்க அறையின் ராசாவாக விளங்கியதால்' என்று எழுதினேன். நண்பர்கள் பலர், "நல்லாச் சமாளிச்சிட்டியள்" என்று பாராட்டினார்கள். அவரும் தொலைபேசி எடுத்தார். அதிகம் பேச விரும்பாத மனிதர், அன்று எடுத்தார்.

"வா... வாசிச்சன் அண்ணை."

"எப்பிடி இருக்கு?"

நீண்ட நேரம் சத்தமில்லை. வழக்கமான திக்கு என்றுதான் நினைத்தேன்.

"நல்லா இருக்கு அண்ணை," என்று வைத்துவிட்டார். அந்த வசனத்தில் அவருக்கு ஓரிடத்திலும் திக்கவில்லை. அதைக்கூட எண்ணிய எனக்கு, ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

மகள் கேட்ட பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுதிவிடுவது என்று முடிவெடுத்து ஒரே இருப்பில் எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். மனைவி வந்து பார்த்தார்.

"இஞ்சருங்கோ, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே வாசித்தார். எங்களுக்குக் கலியாணமாகி நாற்பத்தெட்டு வருடம். இந்தக் கதையை நான் அவருக்குச் சொன்னதே இல்லை.

"அட கடவுளே," என்றார். "நானும் எல்லே கூப்பிட்டனான், 'பதினேழு அண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ' எண்டு. ஒவ்வொரு வருசமும் கூப்பிட்டனான். நீங்கள் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"இது ஆருக்கு எழுதின பக்கம்?"

"கல்வெட்டுக்கு."

"அது தெரியுது. அவருக்கோ, உங்களுக்கோ?" தாளை மேசையில் வைத்துவிட்டு உலை பார்க்கப் போய்விட்டார்.

நான் எண்ணிப் பார்த்தேன். 'நான்', 'என்', 'எனக்கு' எல்லாம் சேர்த்து முப்பத்தொன்று. அவருடைய பெயர் ஒன்று.

அந்தத் தாளைக் கிழித்தேன். அறைக் கதையைத் திரும்ப எழுதவும் கை வரவில்லை. அச்சகத்துக்குக் கொடுக்க நான்கு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள், அவருடைய மனைவியிடம் நேரே சொல்லிவிடுவது என்று புறப்பட்டேன். இரண்டு ரயில், ஒரு பஸ். பஸ்ஸில் பதினான்கு தரிப்பிடம். வீட்டு வாசலில் பித்தளையில் 1, 7 என்று இரண்டு இலக்கங்கள் பளபளவென்று இருந்தன. யாரோ அன்று காலைதான் துலக்கியிருக்க வேண்டும்.

மகள் கதவைத் திறந்தார். "வாங்கோ அங்கிள், பேஜ் கொண்டு வந்தனீங்களோ?"

"அம்மாவோட ஒருக்காக் கதைச்சிட்டுத் தாறன் பிள்ளை."

மகள் மேலே கணினியில் ஏதோ மீற்றிங் என்று போய்விட்டார். முன்னறையில் தகப்பனுடைய படத்துக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டியில் அகல் விளக்குகள் இருந்தன. எண்ணத் தேவையிருக்கவில்லை. அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தார். சின்ன உருவம். நாற்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்தவர்தான். ஆனால் அவரோடு தனியே பேசியது அன்றுதான்.

"தங்கச்சி, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அந்தப் பதினேழு எண்டிறது அறை இலக்கம் இல்லை."

"தெரியும் அண்ணை."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"கலியாணம் முடிஞ்ச கிழமையே சொன்னவர். மேசையில ஏத்தினது, கரண்டியால தட்டினது, எல்லாம்."

"எண்ணினது ஆரெண்டு சொன்னவரோ?"

"ஓம்." என்னை நேரே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நீங்கள் பிழையா எண்ணினதெண்டும் சொன்னவர்."

"பிழையாவோ?"

"பதினேழில்லையாம், பத்தொன்பதாம். அவரும் மனசுக்குள்ள எண்ணிக்கொண்டு நிண்டவராம். நடுவில ஆக்கள் சிரிச்ச சத்தத்தில அண்ணை ரெண்டை விட்டிட்டார் எண்டுவார். உங்கட மடல் வாற நேரமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். 'எல்லாத்தையும் எண்ணுற மனிசன், என்ர கணக்கை மட்டும் பிழைவிட்டிட்டுது' எண்டு."

மன்னிப்புக் கேட்கத்தான் இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் ஏறி வந்தேன். அந்தச் சொல்லைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"என்னட்டக் கேக்காதேங்கோ அண்ணை," என்றார், நான் கேட்பதற்கு முதலே. "அது தாறதுக்கு என்னட்ட இல்லை. கேட்டிருந்தால் அவர் தந்திருப்பார். கொஞ்சம் நேரம் எடுத்திருக்கும், அவ்வளவுதான்."

மேலே மகள் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"பிள்ளையளுக்குச் சொல்ல வேணுமெல்லே?" என்றேன். "நான் அந்த அறைக் கதையை எழுதப் போய்த்தானே..."

"நீங்கள் எழுதினதை வாசிச்சுப் போட்டுப் பிள்ளையள் துள்ளினதுகள். அப்பா ரூம் ராசாவாம் எண்டு. அவர் என்னைப் பாத்தார். 'இருக்கட்டும், பிள்ளையளுக்கு நல்ல கதையாத்தான் கிடக்கு' எண்டார். அவர் இருக்கட்டும் எண்டு விட்டதை நீங்கள் இப்ப வந்து எடுக்கக் கூடாது. சொல்லுறதெண்டால் நான் சொல்லுவன், எனக்கு ஏலுமான நேரத்தில."

"அப்ப நான் என்னத்தை எழுத?"

"அவரின்ர பேரை எழுதுங்கோ. உங்கட ஆக்கள் ஒருத்தரும் ஒருநாளும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை."

வீட்டுக்கு வந்து எழுதினேன். அவர் கதிரை அடுக்கியதை எழுதினேன். யாருக்கு மகன் வேலையில்லாமல் இருந்தாலும் விமான நிலையத்தில் கேட்டுப் பார்த்ததை எழுதினேன். அப்படி ஏழு பேரின் பிள்ளைகள், எனக்குத் தெரிந்து. கச்சான் சாப்பிடாததை எழுதினேன். எண்ணும் இல்லை, அறையும் இல்லை. ஒவ்வொரு வசனத்திலும் 'அவர்' வரவேண்டிய இடத்திலெல்லாம் பெயரைப் போட்டேன். இலக்கணம் தெரிந்தவர்கள் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். மகள் வாசித்துவிட்டு, "ரூம் ஸ்டோரி இல்லையே அங்கிள்?" என்று கேட்டார். "எனக்கு வடிவா ஞாபகமில்லைப் பிள்ளை," என்றேன். இன்னொரு பொய். ஆனால் அதை என்னிடம் கேட்டு வாங்கியவர் அவருடைய தாய்.

முப்பத்தோராம் நாள் வெஸ்ட் ஈலிங்குக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் நடந்தது. பேரப்பிள்ளைகள் விளக்கு ஏற்றினார்கள். பதினேழும் எரிந்தன. நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருப்பதும் பிழை போல இருந்தது.

தேவாரம் முடிந்து, வாசலில் கல்வெட்டு கொடுத்து, சாப்பாட்டு நேரம் வந்தது. எங்கள் வட்டத்தார் இரண்டு வரிசையில் சேர்ந்து இருந்தோம். சாப்பாடு கொண்டுவந்தவர் என்னிடம் வந்தார். "அண்ணை, உங்கட ஆக்கள் எத்தினை பேர்? தனி மேசை போடச் சொன்னவை."

நான் ஒன்றும் சொல்வதற்கு முன், எஞ்சினியர் நண்பர் ஒன்றுகூடல் பழக்கத்தில் தொடங்கிவிட்டார்.

"ஒண்டு!"

"ரெண்டு."

"மூண்டு."

நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எண் வரிசையாக வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் "பதினாறு" என்றார்.

எல்லோரும் நிறுத்தினார்கள். பழக்கம். சிலருடைய தலை கதவடிப் பக்கம், ஒன்றுகூடல்களில் அவர் கதிரை அடுக்கிவிட்டு வந்து இருக்கிற மூலைப் பக்கம், தானாகத் திரும்பியது. பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது. ஒருவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். வரிசைப்படி அடுத்தவன் நான்.

நான் எழுந்து நின்று அவருடைய பெயரைச் சொன்னேன். ஐந்து எழுத்தும்.

முன் வரிசையில், காது மந்தமான ஒருவர் திரும்பினார். அன்று விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தில் எனக்குப் பக்கத்து வாங்கில் கரண்டி தட்டியவர்.

"ஆரது?" என்று கேட்டார்.

அவர் மடியில் கிடந்த கல்வெட்டைத் திருப்பி, அட்டையில் இருந்த பெயருக்குக் கீழே விரலை வைத்து, கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசித்தார்.

"அண்ணை, எத்தினை பேரெண்டு சொல்லேல்லையே?" என்றார் சாப்பாட்டுக்காரர்.

திரும்ப எண்ண வேண்டும் என்றேன். ஒருவரும் தொடங்கவில்லை. நானும் தொடங்கவில்லை.